கறள் தின்னும் மணல்



இரும்பில் ஏறும் துருவை யாழ்ப்பாணத்து மக்கள் கறள் என்பர். துரு என்னும் சொல் நமக்குத் தெரியாததன்று. ஆயினும் கிணற்றடியில் நெடுநாள் கிடந்த வாளியின் அடிப்பாகம் விரல் பட்டதும் உதிரும்போது, 'கறள் தின்றுவிட்டது' என்றுதான் நம் வீட்டார் சொல்வார்கள். தின்றுவிட்டது என்ற வினை வெறும் அலங்காரமன்று. இந்தக் குடாநாட்டிலே கடலுக்கு வெகு தொலைவில் உள்ளதென்று சொல்லத்தக்க ஊர் ஒன்றேனும் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் கடல். தெற்கிலும் நடுவிலும் உவர்நீர்க் களப்புகள். வாடை வீசினாலும் உப்பு வருகிறது, சோளகம் வீசினாலும் உப்பு வருகிறது. இரும்பும், காற்றிலுள்ள ஒட்சிசனும், ஈரமும் கூடினாற் கறள் பிறக்கும் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த செய்தி. அவற்றுடன் உப்புஞ் சேர்ந்துவிட்டால் அந்த வேலை பன்மடங்கு விரைவாக நடக்கும். உப்பு ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். நிறப்பூச்சில் ஊசிமுனையளவு வெடிப்பு இருந்தாலும் அதன் வழியே நுழைந்து உள்ளே குடியிருக்கும். கறளாக மாறிய இரும்பு முன்னிருந்த இடத்தைவிட மிகுந்த இடத்தைக் கேட்பதனால், மேலிருக்கும் பூச்சைக் கொப்புளம்போல எழுப்பித் தள்ளிவிடும். கொப்புளம் நம் கண்ணிற் படும்பொழுது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

இதனைப் போக்க நம் முன்னோர் கையாண்ட வழிகள் எளியவை. புளியும் சாம்பலும் இட்டு, தென்னந்தும்பினால் தேய்த்தார்கள். செங்கற்பொடி கொண்டு அரிவாளையும் அருவாமணையையும் விளக்கினார்கள். ஒன்றுமில்லாதவிடத்து ஒரு பிடி மணலை அள்ளித் தேய்த்தார்கள். கொல்லன் அரத்தால் அராவினான். இவை யாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: மெதுவான பொருளை வன்மையான பொருள் அரிக்கும். மணல் என்பது பெரும்பாலும் படிகக்கல்லின் துகள். கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் அளவுகோலில் படிகக்கல்லுக்கு ஏழாம் இடம். சாதாரண இரும்புத் தகடு நான்கை ஒட்டியே நிற்கும். ஆகவே பாத்திரம் விளக்கிய மூதாட்டியின் கைக்குள் இருந்த மணல், இரும்பைவிட வலியது. கையின் வேகந்தான் போதாமல் இருந்தது.

அந்த வேகத்தைக் காற்றினிடமிருந்து இரவல் வாங்கியதே இன்று நான் சொல்லவந்த வரலாறு.

வடமராட்சி கிழக்கிலே மணற்காடு என்றோர் ஊர் உண்டு. பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. அங்கே கடலோரக் குன்றுகளின் நடுவே பழைய அந்தோனியார் தேவாலயம் ஒன்றின் சுவர்கள் மணலுக்குள் பாதி புதைந்தும் பாதி வெளித்தெரிந்தும் நிற்கின்றன. கோடையிலே பெருங்காற்றுள்ள ஒரு பிற்பகலில் அந்தச் சுவரருகே நின்றவர்களுக்கு, காலின் கீழ்ப்பகுதியில் ஆயிரம் ஊசிகள் தைப்பதுபோலத் தோன்றியிருக்கும். முகத்தில் அவ்வளவு படுவதில்லை. காற்றினால் தூக்கப்படும் மணலிற் பெரும்பகுதி நிலத்தை ஒட்டியே குதித்துக் குதித்துச் செல்வதுதான் காரணம். பாலைநிலங்களில் நிற்கும் பாறைகள் அடிமெலிந்து காளானைப்போல் உருவெடுப்பதற்கும் இதனையே காரணமாகக் கூறுவர். இயற்கை நூற்றாண்டுகளாகச் செய்துவந்த இந்த வேலையைச் சில நிமிடங்களிற் செய்துகாட்டியவர் ஓர் அமெரிக்கர்.

அவர் பெயர் பெஞ்சமின் சியூ டில்மன். பிலடெல்பியா நகரத்தவர், 1821 இற் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையிலே சேர்ந்து, 1863 இல் சான்சலர்ஸ்வில் என்னுமிடத்தில் நடந்த சண்டையிற் காயமடைந்தார். பின்னர் கறுப்பின வீரர்களைக் கொண்ட படைப்பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கினார். பாலைவனத்துக் காற்று வீட்டுச் சாளரக் கண்ணாடியை மங்கச் செய்ததைப் பார்த்தே அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. புத்தாக்கம் செய்தவர்களைப் பற்றி இத்தகைய கதைகள் பின்னாளிலே தோன்றுவது வழக்கம். நியூற்றனின் அப்பிளைப்போல இதனையும் கேட்டு வைத்துக்கொள்வோம். ஐயமின்றி அறியப்படுவது இது: 1870 ஆம் ஆண்டு ஒக்டோபரில், நீராவியாலோ காற்றாலோ நீராலோ மணலை விசையுடன் செலுத்திக் கடினமான பொருள்களை வெட்டவும் அராவவும் தேய்க்கவும் உரிய முறைக்கு அவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் பிரித்தானியாவிலும் பெற்றார்.

கறளைப் போக்குவதே அவருடைய முதல் நோக்கமாக இருந்ததென்று எண்ணிவிடலாகாது. தொடக்கத்தில் இந்த முறை புகழ்பெற்றது கண்ணாடியிலும் கல்லிலும். கண்ணாடித் தகட்டின்மேல் றப்பரால் வெட்டிய இலை வடிவத்தை ஒட்டிவைத்து மணலை வீசினால், வெறுமையாக இருந்த கண்ணாடி அரிக்கப்பட்டு வெண்மையாகும். றப்பரோ சற்றும் பழுதுபடாது. கடினமானது அழிகிறது, மென்மையானது தப்புகிறது! முதலிலே கேட்பவர்க்கு இது வியப்பாக இருக்கும். கண்ணாடி வளையாது, ஆகவே ஒவ்வொரு துகளின் அடியையும் முழுமையாக வாங்கிச் சிதறுகிறது. றப்பர் வளைந்து கொடுத்துத் துகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உள்நாட்டுப் போரில் மாண்ட படைவீரரின் கல்லறைக் கற்களிலே பெயர் பொறிக்கவும் இந்த முறை பெருந்தொகையாகப் பயன்பட்டது. தாம் சண்டையிட்ட போரில் இறந்தோரின் பெயர்களைத் தம்முடைய மணலே எழுதுவதை டில்மன் கண்டிருக்கிறார். அவர் இறந்தது 1901 இல்.

இரும்பின் பக்கம் இந்த முறை திரும்பியது வார்ப்புத் தொழிற்சாலைகளின் வழியாகவே. வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் அச்சுமண்ணை நீக்க ஆட்கள் நாள் முழுவதும் உளியும் சுத்தியலுமாக நிற்கவேண்டியிருந்தது. மணல் வீச்சு வந்ததும் அந்த வேலை மணிக்கணக்காகச் சுருங்கிற்று. பின்னர் பாலங்கள், கப்பல்களின் அடிப்புறம், எண்ணெய்த் தாங்கிகள் என்று பரவியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், புதிய பூச்சுப் பூசுமுன் இரும்பை மணல் வீசிச் சுத்தஞ் செய்வது பொறியியலாளரிடையே வழக்கமாகிவிட்டது. மணலடித்த இரும்பின் மேற்பரப்பு மிக நுண்ணிய மேடுபள்ளங்களோடு இருக்கும். பூச்சு அந்தப் பள்ளங்களிற் காலூன்றிப் பிடித்துக்கொள்ளும். அரத்தாளால் மழமழப்பாகத் தேய்த்த தகட்டில் இந்தப் பிடி இராது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்து மோட்டார் வண்டிகளின் வரலாறு தனியாக எழுதத்தக்கது. ஒஸ்ரின் ஏ-40 வண்டிகளும், 1948 இல் உற்பத்தி தொடங்கிய மொறிஸ் மைனர் வண்டிகளும் ஐம்பதுகளில் இங்கே வந்திறங்கின. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வண்டி இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. ஆதலால் வந்தவற்றைக் காப்பாற்றிக்கொள்வது அவசியமாயிற்று. பின்னர் போர் வந்தது. 1990 ஜூன் மாதத்தில் யாழ்தேவி வராமல் நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பெற்றோல் அரிதாகிப்போன அந்த ஆண்டுகளில், சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்துவிட்டு, மண்ணெண்ணெயால் வண்டியை ஓட்டினார்கள். புதிய உதிரிப்பாகம் எதுவும் உள்ளே வரவில்லை. நாட்டின் பிற பகுதிகளிலே பழம்பொருளாகிவிட்ட ஒஸ்ரின்கள் யாழ்ப்பாண நகரத்து வாடகைக் கார் தரிப்பிடங்களில் அணிவகுத்து நின்றமைக்குக் காரணம் பழமைமேற் கொண்ட பற்று மட்டுமன்று; வேறு வழியில்லை என்பதுதான். தென்பகுதியிலிருந்து வந்தவர்கள் அவற்றைப் படம்பிடித்துச் சென்றார்கள். ஓட்டியவர்களுக்கோ அது வயிற்றுப்பாடு.

2009 க்குப் பின் பாதை திறந்தது. 2014 ஒக்டோபரில் புகையிரதமும் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது. பழைய வண்டிகள் இப்பொழுது வயிற்றுப்பாடாக இருந்த நிலையினின்றும் அரும்பொருளாக மாறியிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் தகப்பனாரின் வண்டியைப் பழையபடி ஆக்கித்தரும்படி கேட்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் உப்புக்காற்றில் நின்ற வண்டி. பூச்சின்மேற் பூச்சாக ஐந்தாறு தடவை மெழுகப்பட்டது. சக்கரத்தின் மேல்வளைவிலும் கதவின் அடிவிளிம்பிலும் கறள் சல்லடையாக அரித்தது. இதனைக் கம்பித் தூரிகையும் அரத்தாளுங் கொண்டு சுத்தஞ் செய்ய வாரக்கணக்காகும். ஆகவே கராச்சு வைத்திருக்கும் இளைஞர் மணல் வீசும் சிறு கருவியை நாடுகின்றனர்.

கருவி மிக எளிது. ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசர் எந்தக் கராச்சிலும் உண்டு. அதிலிருந்து வரும் அமுக்கக் காற்று, துப்பாக்கி வடிவான ஒரு பிடியினூடே ஒடுங்கிய துளைவழியாகப் பாயும்போது, அங்கே அமுக்கம் குறைகிறது. அந்தக் குறைவு இன்னொரு குழாய்வழியே வாளியிலுள்ள மணலை உறிஞ்சியெடுத்துக் காற்றோடு சேர்த்து வெளியே வீசுகிறது. வாசனைத்தெளிப்பான் வேலை செய்யும் அதே தத்துவம். விலை குறைந்த இந்தச் சாதனத்தை வாங்கியவர் முதல் நாளே ஓர் உண்மையைக் கண்டுகொள்வார்: மணலுக்குப் பஞ்சமில்லை, காற்றுக்குத்தான் பஞ்சம். சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல் அமுக்கத்தில் இந்தத் துப்பாக்கி கேட்கும் காற்றைச் சிறிய கொம்பிரசர் தொடர்ந்து கொடுக்கமாட்டாது. ஒரு நிமிடம் அடித்தால் இரண்டு நிமிடம் காத்திருக்கவேண்டும். அடிக்க அடிக்க மணல் துளையையும் அரிக்கும். துளையின் விட்டம் இரட்டித்தால் அது குடிக்கும் காற்று நான்கு மடங்காகும். ஐப்பசி கார்த்திகையிற் செய்தாலோ, அமுக்கப்பட்ட காற்றிலுள்ள ஈரம் நீராகி மணலை நனைத்துக் குழாயை அடைத்துவிடும். தட்டையான பெரிய தகட்டில் நெருங்கி நின்று அடித்தால் தகடு நெளிந்துவிடும். வெப்பத்தாலன்று, ஒரு பக்கத்தின் மேற்தோல் ஆயிரமாயிரம் சிறு அடிகளால் விரிவதால். வண்டியின் கூரையையும் முன்மூடியையும் இவ்விதங் கெடுத்துவிட்டுப் பின்பு வருந்தினோர் உண்டு. சட்டம், சக்கரம், கதவுப் பிணைச்சல், வளைந்த மூலை ஆகியவையே இந்தக் கருவிக்கு ஏற்றவை.

எந்த மணல் என்ற வினா இனித்தான் எழுகிறது. குடாநாட்டின் வரலாற்றில் இந்தக் கருவிக்கென்று ஒரு சிறப்பிடம் இருக்குமானால் அது இங்கேதான்.

வல்லிபுரத்திலிருந்து அம்பன், குடத்தனை, நாகர்கோவில் வரை நீளும் நிலப்பரப்பிலே வெண்மணல் கிடக்கிறது. சிலிக்கா மிகுந்த மணல்; கண்ணாடி செய்யத்தக்கதென்று புவிச்சரிதவியலாளர் குறித்துவைத்த மணல். கடினமானது, சீரான பருமனுடையது, பார்க்கவும் அழகியது. நம் கருவிக்கு இதனினும் சிறந்த உணவு வேறென்ன என்றே எவருக்கும் தோன்றும். அந்தத் தோற்றத்தில் மூன்று பிழைகள் உள்ளன.

முதலாவது உப்பு. அலையடிக்கும் கரையில் அள்ளிய மணல் உப்பையும் உடன்கொண்டு வரும். கறளை நீக்குவதாக எண்ணிக்கொண்டு, அந்தக் கறளைப் பிறப்பித்த உப்பையே புதிதாகத் திறந்த இரும்பின் பள்ளங்களில் விதைத்துவிடுவோம். மேலே எத்தனை உயர்ந்த பூச்சுப் பூசினாலும் ஓராண்டில் கொப்புளம் எழும். நீரால் கழுவலாமே என்பீர்கள். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நீர் உவரேறிக் கிடப்பதை நீங்கள் அறிவீர்கள். நன்னீர்க் கிணற்றிலிருந்து எடுத்த நீராலன்றிக் கழுவுதல் வீண். கழுவிய இரும்பை உடனே உலர்த்தி, அன்று பொழுது சாயுமுன் அடிப்பூச்சுப் பூசிவிடவும் வேண்டும். வெள்ளிபோற் பளபளத்த தகடு ஓரிரவு திறந்து கிடந்தால், மறுநாட் காலை அதன்மேல் மஞ்சள் படர்ந்திருக்கும்.

இரண்டாவது, அந்த மணல் எவருக்கும் உரியதன்று என்று எண்ணுவது. 1992 ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி மணல் அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, மழைநீரை உறிஞ்சித் தன்னடியில் நன்னீராகத் தேக்கிவைப்பது அந்த மணற்குன்றே. 2004 மார்கழியில் வடமராட்சி கிழக்கைக் கடல் கொண்டபோது குன்றுகளின் அருமையை அறிந்த ஊர் அது. ஒரு வண்டிக்கு இரண்டு மூட்டை மணல் பெரிதன்று என்பது உண்மைதான். குன்றுகள் குறைந்தது இவ்வண்ணம் எண்ணியவர்களாலன்று, இரவில் உழவு இயந்திரம் கொண்டுவந்தவர்களால். ஆயினும் இதனையுஞ் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவதே உயிர் சம்பந்தமானது. இரும்பில் மோதும் படிகத்துகள் உடைகிறது. உடைந்தது கண்ணுக்குப் புலப்படாத தூசாகிறது. மயிரிழையின் பத்திலொரு பங்குக்கும் நுண்ணியதாகிய அந்தத் தூசு மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை போய்ச்சேரும். அங்கே உடல் அதனைக் கரைக்க முடியாமல், அதைச் சுற்றித் தழும்பு கட்டும். தழும்பு வளர மூச்சு குறுகும். சிலிக்கோசிஸ் என்பது இந்த நோயின் பெயர். கல்வெட்டுவோரின் நெஞ்சுநோயை இத்தாலிய மருத்துவர் ரமசினி 1700 இலேயே எழுதிவைத்தார். மிலான் நகர மருத்துவர் விஸ்கொந்தி இந்த நோய்க்கு இப்பெயரை இட்டது 1870 இல். டில்மன் காப்புரிமை பெற்றதும் அதே 1870 இல் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கருவியும் அதன் நோயின் பெயரும் ஓராண்டிற் பிறந்தவை.

இவ்வளவு தெரிந்தும் உலகம் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் காத்திருந்தது. வார்ப்புகளைச் சுத்தஞ் செய்ய மணல் பயன்படுத்தலாகாது என்று பிரித்தானியா 1949 இல் விதி செய்தது. அமெரிக்காவில் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் மணலைத் தடைசெய்யுமாறு 1974 இற் பரிந்துரைத்தும், கண்டுபிடித்தவரின் நாடு முழுத்தடை செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1997 இல் படிக சிலிக்காத் தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாக வகுத்தது. துருக்கியிலே நீலக் காற்சட்டைத் துணியைப் பழையதுபோற் காட்டுவதற்காக மணல் வீசிய இளைஞர் பலர் இந்த நோய்க்கு இரையாகவே, 2009 இல் அங்கு அந்தத் தொழிலில் மணல் வீச்சுத் தடைசெய்யப்பட்டது. புதிய துணியைப் பழையதாக்க உயிர் கொடுத்தார்கள்; பழைய வண்டியைப் புதியதாக்க நாம் கொடுக்கவேண்டுமா?

நோய் வந்தபின் அதனைத் திருப்புவதற்கு மருந்தில்லை. மூக்கைச் சுற்றிக் கட்டும் துவாயோ துணி முகமூடியோ இந்தத் தூசைத் தடுக்கமாட்டா. பழைய பூச்சுகளிலே ஈயம் கலந்திருப்பது வழக்கமாதலால், ஈயத்தூசும் உடன் கிளம்பும். அடிப்பவர் மட்டுமன்றிப் பக்கத்து வேலியில் உடுப்பு உலர்த்துபவரும் அதனைச் சுவாசிக்க நேரும்.

படிகமணலுக்கு மாற்றுப் பொருள்கள் உண்டு. செப்பு உருக்கும் ஆலைகளில் எஞ்சும் கசடைப் பொடித்துப் பயன்படுத்துகிறார்கள். தூத்துக்குடிக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட கரையிலே கிடைக்கும் செந்நிறக் கார்னெட் மணல் இதற்கென்றே உலகெங்கும் ஏற்றுமதியானது. அகழ்வில் முறைகேடுகள் எழவே 2013 இல் தமிழ்நாட்டரசு கரைமணல் அகழ்வை நிறுத்தியது. இவற்றில் படிக சிலிக்கா மிகக் குறைவு. எனினும் தூசில்லாமற் போவதில்லை, தகுந்த சுவாசக்கவசம் வேண்டும். நீரோடு கலந்து வீசினால் தூசு பெரிதும் அடங்கும். ஆனால் இரும்பு உடனே கறள்கொள்ளும். இங்கே ஒரு சிறு வேடிக்கையையும் சொல்லவேண்டும். நமது புல்மோட்டைக் கரையின் கருமணலிலுள்ள இல்மனைற்றிலிருந்து எடுக்கப்படும் தைத்தேனியம் ஒட்சைட்டுத்தான் உலகத்து வெண்பூச்சுகளுக்கு வெண்மை தருவது. ஒரு மணல் பூச்சாகிறது, இன்னொரு மணல் அதனை உரிக்கிறது.

சில காலத்துக்கு முன் வடமராட்சியில் ஒரு சிறு கராச்சுக்குப் போயிருந்தேன். மாமரத்தின் கீழே ஒரு பழைய வண்டியின் சட்டம் கட்டைகளின்மேற் கிடந்தது. இருபது வயதுக்கு மேற்படாத இளைஞன் ஒருவன் முகத்தில் சாரத்துண்டைச் சுற்றிக்கொண்டு மணல் வீசிக்கொண்டிருந்தான். மரத்தின் கீழ்க்கொப்பு இலைகளெல்லாம் வெண்பூத்துக் கிடந்தன. வேலையோ மிக நேர்த்தி. அறுபது ஆண்டுக் கறள் நீங்கி, தொழிற்சாலையில் அடித்த இலக்கங்கள் சட்டத்திலே தெளிவாகத் தெரிந்தன. அவனுக்கு அதில் இருந்த பெருமையைப் பார்த்தபின், நான் சொல்லவேண்டியதைச் சொல்வது எளிதாக இல்லை. சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பின், "ஐயா, மணல் சும்மா கிடக்குது; நீங்கள் சொல்லுற சாமானுக்குக் காசெல்லோ வேணும்" என்றான். அதற்கு நான் என்ன விடை சொல்வது? வண்டிக்காரர் தரும் கூலியில் கசடுக்கும் கவசத்துக்கும் இடம் வைக்கப்படவில்லை. அதைக் கேட்கும் துணிவு அவனுக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவருக்கு இப்படி ஒரு செலவு உண்டென்று எவரும் சொல்லவுமில்லை.

மறுமுறை போனபோது துப்பாக்கி சுவரில் ஆணியிலே தொங்கிற்று. அவன் நிலத்திற் குந்தியிருந்து சக்கர மூடியொன்றைக் கம்பித் தூரிகையாற் தேய்த்துக்கொண்டிருந்தான். வண்டிக்காரருக்குத் தொலைபேசியிலே விவரஞ் சொன்னதாகவும், அவர் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருப்பதாகவும் சொன்னான். கசடு எங்கே வாங்கலாம் என்று கேட்டான். கொழும்பிலே கப்பல் திருத்தும் பக்கம் விசாரிக்கவேண்டும் என்றேன். "அப்ப அதுமட்டும் இதுதான்" என்று தூரிகையை உயர்த்திக் காட்டிவிட்டு மீண்டுந் தேய்க்கத் தொடங்கினான்.